புரதமும் தசை வளர்ச்சியும்

க.பொ.த. (சாதாரண தரம்) – சுகாதாரமும் உடற்கல்வியும்
தரம் 10, 11 – போசணை, உடற்றகைமை ஆகிய அலகுகளுக்குரியது



"புரதத்தின் தொழில் யாது?" என்று கேட்டால் உங்களில் அநேகர் "உடலை வளர்க்கும், சக்தி தரும்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறீர்கள். அந்த வரியின் முதற்பாதி சரி. இரண்டாவது பாதி பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் புரதம் எப்போது சக்தியாக மாறுகிறது, அப்படி மாறுவது உடலுக்கு இலாபமா நட்டமா என்று தெரியாமல் அதை எழுதினால் அடுத்து வரும் "காரணம் தருக" என்ற பகுதியில் தடுமாறுவீர்கள்.

இப்பாடத்தைச் சற்று விரிவாக எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கும்போது வகுப்பு முடிந்த பின் சில மாணவர்கள் நின்று ஒரு கேள்வி கேட்பார்கள். "சேர், ஜிம்மில ஒரு ரின் மா எடுக்கச் சொல்லினம், குடிச்சா உடம்பு வைக்குமா?" அந்த ரின்னின் விலை சில வீடுகளில் ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவில் பெரும் பங்கு. அவர்களுக்கான பதிலும் இந்தப் பாடத்துக்குள்ளேயே இருக்கிறது.

புரதம் என்பது என்ன?

காபன், ஐதரசன், ஒட்சிசன் ஆகிய மூன்று மூலகங்களும் மாப்பொருளில் இருக்கின்றன, கொழுப்பிலும் இருக்கின்றன. புரதத்தில் இவற்றோடு நைதரசனும் எப்போதும் இருக்கும். பெரும்பாலான புரதங்களில் கந்தகமும் சிறிதளவு உண்டு. நைதரசனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு மலையேற்றக் கதை வருகிறது. அது முழுக்க இந்த நைதரசனைப் பிடித்து அளந்த கதைதான்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த மாலை. நமது உடற் புரதங்களை ஆக்குவதற்கு 20 வகை அமினோ அமிலங்கள் பயன்படுகின்றன. இவற்றுள் 9 வகையை உடலால் ஆக்க முடியாது. உணவிலிருந்தே பெற வேண்டும். இவை அத்தியாவசிய அமினோ அமிலங்கள் எனப்படும். மிகுதியை உடல் தானே ஆக்கிக்கொள்ளும். "அத்தியாவசியமானவை" என்ற பெயரைக் கண்டு மற்றவை உடலுக்குத் தேவையில்லை என்று எழுதிவிடாதீர்கள். எல்லாமே தேவை. வெளியிலிருந்து வந்தே ஆக வேண்டியவை எவை என்பதே பிரிப்பின் அடிப்படை.

'புரோட்டீன்' என்னும் பெயர் 1838இல் ஒல்லாந்து இரசாயனவியலாளர் முல்டர் எழுதிய கட்டுரையில் முதன்முதல் வந்தது. பெயரைச் சொல்லிக்கொடுத்தவர் சுவீடன் நாட்டு பெர்சீலியஸ். கிரேக்க மொழியில் 'முதன்மையானது' என்று பொருள்படும் சொல்லிலிருந்து எடுத்த பெயர்.

நாம் உண்ணும் புரதம் அப்படியே தசையில் போய் ஒட்டுவதில்லை. இரைப்பையில் பெப்சின் நொதியமும், சிறுகுடலில் திரிப்சின் முதலிய நொதியங்களும் மாலையை அறுத்து மணிமணியாக்குகின்றன. இந்த அமினோ அமிலங்கள் சிறுகுடலில் அகத்துறிஞ்சப்பட்டு, குருதி வழியாக ஈரலுக்கும் பிற இழையங்களுக்கும் செல்கின்றன. அங்கே ஒவ்வொரு கலமும் தனக்குத் தேவையான மாலையைப் புதிதாகக் கோத்துக்கொள்கிறது. ஆகவே மாட்டிறைச்சியிலிருந்து வந்த மணியா, பயற்றிலிருந்து வந்த மணியா என்று தசைக்குத் தெரியாது. தேவையான மணிகள் தேவையான அளவில் வந்தனவா என்பதே கேள்வி.

தசையில் புரதம்

வன்கூட்டுத் தசையின் நிறையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். ஐந்தில் ஒரு பங்களவு புரதம். அந்தப் புரதத்தில் அக்ரின், மயோசின் என்ற இரண்டும் பிரதானமானவை. இந்த இரு வகை இழைகளும் ஒன்றின்மீது ஒன்று வழுக்குவதாலேயே தசை சுருங்குகிறது. நீங்கள் பந்தை உதைப்பதும், பேனையைப் பிடிப்பதும், இந்த வரியை வாசிக்கக் கண்ணை அசைப்பதும் இதனாலேதான்.

தசைக்கு வெளியிலும் புரதம் பல தொழில்களைச் செய்கிறது. ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஈமோகுளோபின், நோய்க்கு எதிரான பிறபொருளெதிரிகள், நொதியங்கள், இன்சுலின் போன்ற ஓமோன்கள், முடி, நகம் யாவும் புரதங்களே. புரதம் போதாத பிள்ளைக்குத் தசை மெலிவது மட்டுமல்ல, காய்ச்சலும் சளியும் அடிக்கடி வருவது ஏன் என்று கேட்டால் பிறபொருளெதிரியைக் குறிப்பிடுங்கள்.

உடற் புரதம் ஒரு தடவை கட்டி முடித்த சுவர் அல்ல. பழையது உடைவதும் புதியது உண்டாவதும் இரவு பகலாக நடக்கின்றன. வளர்ந்த ஒருவரின் உடலில் ஒரு நாளில் உடைந்து மீளக் கட்டப்படும் புரதத்தின் அளவு, அவர் அன்று உண்ணும் புரதத்தைவிடப் பல மடங்கு. உடைந்ததில் பெரும்பகுதி மீண்டும் பயன்படுகிறது. ஒரு பகுதி வீணாகிறது. அந்த இழப்பை ஈடுசெய்யவே வளர்ச்சி நின்றவர்களுக்கும் தினமும் புரதம் வேண்டும். உங்கள் வயதில் இழப்பை ஈடுசெய்வதோடு புதிதாகக் கட்டவும் வேண்டியிருக்கிறது.

ஒரு மலையேற்றமும் ஒரு கணக்கும்

19ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியின் புகழ்பெற்ற இரசாயனவியலாளர் லீபிக் ஒரு கருத்தை வெளியிட்டார். தசை வேலை செய்யும்போது தசையில் உள்ள புரதமே எரிந்து சக்தியைத் தருகிறது, ஆகவே கடின வேலை செய்பவர் அதற்கேற்ப இறைச்சி உண்ண வேண்டும் என்பது அதன் சாரம். சொன்னவர் பெரியவர் என்பதால் பலரும் நம்பினார்கள். இன்றும் நம் ஊர்களில் "ஓடுறவன் இறைச்சி தின்ன வேணும்" என்று சொல்பவர்களின் வாயில் லீபிக்கின் கருத்துத்தான் வருகிறது, அவர் பெயர் தெரியாவிட்டாலும்.

இதைச் சோதித்துப் பார்க்க 1865இல் சுவிற்சர்லாந்தில் இருவர் புறப்பட்டார்கள். ஒருவர் உடற்றொழிலியலாளர் ஃபிக், மற்றவர் இரசாயனவியலாளர் விஸ்லிசீனஸ். பிரியென்ஸ் ஏரிக்கரையிலிருந்து ஃபவுல்ஹோர்ன் என்னும் மலையில் 1956 மீற்றர் ஏறினார்கள். ஏறுவதற்கு முந்திய நாள் நண்பகல் முதல் புரதமுள்ள எதையும் உண்ணவில்லை. மாப்பொருளைக் கொழுப்பிற் பொரித்த பணியாரம் போன்ற ஒன்றும், சீனி போட்ட தேநீரும்தான் ஆகாரம். வழியெல்லாம் தங்கள் சிறுநீரைச் சேர்த்து எடுத்து, அதில் இருந்த நைதரசனை அளந்தார்கள்.

ஏன் சிறுநீர்? புரதம் எரிக்கப்படும்போது அதன் நைதரசனை உடல் பயன்படுத்த முடியாது. ஈரல் அதனை யூரியாவாக மாற்றுகிறது, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. மாப்பொருளிலும் கொழுப்பிலும் நைதரசன் இல்லை. ஆகவே சிறுநீரில் உள்ள நைதரசனை அளந்தால் எவ்வளவு புரதம் எரிந்தது என்று கணிக்கலாம். ஒவ்வொருவரிலும் எரிந்த புரதம் ஏறத்தாழ 37 கிராம் என்று தெரியவந்தது.

இனிக் கணக்கை நாமே செய்வோம். விஞ்ஞானப் பாடத்தில் படித்த அழுத்தசக்தி நினைவிருக்கிறதல்லவா? ஃபிக்கின் நிறை 66 கிலோகிராம். 66 × 9.8 × 1956 என்று பெருக்கினால் ஏறத்தாழ 12 இலட்சத்து 65 ஆயிரம் யூல், அதாவது 1265 கிலோயூல். உடலை மேலே தூக்குவதற்கு மட்டும் வேண்டிய சக்தி இது. ஒரு கிராம் புரதம் ஏறத்தாழ 17 கிலோயூல் தரும். 37 × 17 = 629 கிலோயூல். பாதிக்குக்கூடச் சரியாக வரவில்லை. அதுவும் எரிந்த சக்தி முழுவதும் வேலையாக மாறியது என்று வைத்துக்கொண்டால்தான். உண்மையில் தசை, தான் எரிக்கும் சக்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகிறது. மிகுதி வெப்பமாகப் போகிறது. மலை ஏறும்போது வியர்ப்பது அதனாலேதான்.

ஆகவே அந்த மலையை ஏற்றிவிட்டது புரதம் அல்ல, மாப்பொருளும் கொழுப்புமே என்று முடிவாயிற்று. தசையை ஆக்கிய பொருள் வேறு, தசையை ஓட்டும் எரிபொருள் வேறு. லொறியின் இரும்பும் டீசலும் போல.

புரதம் எப்போது எரிகிறது?

மாப்பொருளை உடல் கிளைக்கோசனாக ஈரலிலும் தசையிலும் சேமிக்கிறது. கொழுப்பைத் தோலின் கீழும் வேறிடங்களிலும் சேமிக்கிறது. புரதத்துக்கு இப்படியான சேமிப்பறை கிடையாது. தேவைக்கு மேல் வந்த அமினோ அமிலங்களிலிருந்து நைதரசன் நீக்கப்படுகிறது. எஞ்சிய பகுதி எரிக்கப்படும், அல்லது கொழுப்பாக மாறும். ஆக, அளவுக்கு மிஞ்சிக் குடித்த புரதம் தசையாகக் காத்துக்கொண்டிருப்பதில்லை.

இதன் மறுபக்கம்தான் உங்களுக்கு மிக முக்கியமானது. சாப்பாடு போதாமல் மாப்பொருளும் கொழுப்பும் குறைந்தால், உடல் புரதத்தையும் எரிபொருளாக்கத் தொடங்கும். உணவில் வந்த புரதம் போதாவிட்டால் தசைப் புரதத்தையே உடைக்கும். சேமிப்பறை இல்லாத உடலுக்கு அவசரத்தில் கைநீட்டிப் பெறக்கூடிய புரதம் தசையில்தான் இருக்கிறது. வீட்டில் விறகு முடிந்தபின் கதவு நிலையைப் பிளந்து அடுப்பெரிப்பது போன்ற செயல் இது. சோறும் பாணும் கிழங்கும் வயிறு நிறையக் கிடைக்கும்போது புரதம் கட்டட வேலைக்கு விடப்படுகிறது. இதனைப் 'மாப்பொருளின் புரதச் சேமிப்புத் தொழில்' என்று எழுதலாம்.

காலையில் வெறும் தேநீரைக் குடித்துவிட்டுப் பாடசாலைக்குப் போய், பின்னேரம் மைதானத்தில் ஓடி, அங்கிருந்து நேரே ரியூசனுக்கு வரும் மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். அவன் இரவில் ஒரு கோப்பை புரோட்டீன் பவுடர் குடித்தால் அதில் ஒரு பங்கு எரிந்துதான் போகும். அவனுக்கு முதலில் வேண்டியது காலைச் சாப்பாடு. மெலிய வேண்டும் என்று இரவுச் சோற்றைத் தள்ளிவைக்கும் மாணவியருக்கும் இதே நட்டம்தான். குறைவது கொழுப்பு மட்டும் என்று நினைக்கிறார்கள், தசையும் கூடவே குறைகிறது.

தசை எவ்வாறு பருக்கிறது?

உண்பதால் மட்டும் தசை பருக்காது. தசைக்கு வழக்கத்தைவிடக் கூடிய சுமை கொடுக்க வேண்டும். தண்டால், குந்தி எழும்புதல், பாரம் தூக்குதல், மணலில் ஓடுதல், கிணற்றில் நீர் அள்ளுதல் எதுவாயினும் சரி, சுமை சிறிது சிறிதாகக் கூடிவர வேண்டும். இச்சுமை, தசைநார்க் கலங்களுக்குப் புதிய புரதம் ஆக்கும்படி கட்டளை கொடுப்பது போன்றது. அப்போது அக்ரின், மயோசின் இழைகள் கூடி ஒவ்வொரு தசைநாரும் தடிக்கிறது. தசைநார்களின் எண்ணிக்கை பெரிதாகக் கூடுவதில்லை, அவற்றின் தடிப்பே கூடுகிறது. இந்த வேறுபாட்டைப் பல்தேர்வு வினாவில் நீங்கள் எதிர்பார்க்கலாம்.

பயிற்சி தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் "பலம் கூடியிருக்கு, ஆனா கை அப்பிடியே இருக்கு" என்று சிலர் மனம் சோர்வார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. முதல் வாரங்களில் கூடும் வலிமை பெரும்பாலும் நரம்புத் தொகுதியின் வேலை. ஒரே நேரத்தில் கூடிய எண்ணிக்கையான தசைநார்களை இயக்க மூளை பழகிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியும் பருமன் அதற்குப் பின்னரே வரும்.

கட்டுமானம் பயிற்சி நேரத்தில் முடிவதில்லை. ஒரு நல்ல பயிற்சிக்குப் பின் ஒரு நாளோ அதற்கு மேலோ புரத ஆக்கம் கூடிய வேகத்தில் நடக்கிறது. ஆகவே அந்த நாள் முழுவதற்கும் புரதம் பங்கிட்டு வந்துகொண்டிருப்பது நல்லது. மூன்று வேளையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வது, இரவில் மட்டும் ஒரு கோழியை முடிப்பதைவிடச் சிறந்தது. நித்திரையும் இதில் சேரும். பரீட்சைக் காலத்தில் இரண்டு மணிவரை விழித்திருந்துவிட்டு விடியற்காலை பயிற்சிக்கு ஓடுவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

உடற்றகைமை என்பது தசைப் பருமன் மட்டுமல்ல என்பதையும் எழுத மறக்காதீர்கள். தாங்கும் திறன், வேகம், நெகிழும் தன்மை ஆகியனவும் அதில் அடங்கும். 5000 மீற்றர் ஓடுபவரின் கால் பெரும்பாலும் மெல்லியதாகவே இருக்கும். அவருக்கும் புரதம் வேண்டும், தடிக்க அல்ல, ஓட்டத்தில் பழுதடைந்ததைத் திருத்த.

எவ்வளவு வேண்டும்?

ஆரோக்கியமான வளர்ந்தவருக்கு உடல் நிறையின் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.8 கிராம் புரதம் போதும். வளரும் வயதினருக்குச் சற்றுக் கூட, 0.9 கிராம் என்று கணக்கிடலாம். தினமும் கடும் பயிற்சி செய்யும் விளையாட்டு வீரருக்கு 1.2 முதல் 2 கிராம் வரை என்று விளையாட்டுப் போசணை வல்லுநர்கள் சொல்கிறார்கள்.

50 கிலோகிராம் நிறையுள்ள தரம் 11 மாணவர் ஒருவரை எடுப்போம். 50 × 0.9 = 45 கிராம். இது எட்ட முடியாத அளவா? ஒரு நாள் சாப்பாட்டைக் கூட்டிப் பார்ப்போம். காலையில் கால் றாத்தல் பாண், 9 கிராம். தொட்டுக்கொள்ள ஒரு கைப்பிடி மைசூர்ப் பருப்பில் காய்ச்சிய கறி, 7 கிராம். மத்தியானம் 150 கிராம் அரிசிச் சோறு, 10 கிராம். 50 கிராம் அளவில் ஒரு மீன் துண்டு, 10 கிராம். பின்னேரம் 50 கிராம் கடலை அவித்தால் 10 கிராம். இரவு 100 கிராம் அரிசிமாவில் புட்டு, 7 கிராம். ஒரு முட்டை, 6 கிராம். கூட்டினால் 59 கிராம். சொன்னவை எல்லாம் கிட்டத்தட்டவான அளவுகள். ஆனாலும் 45ஐத் தாண்டிவிட்டோம் என்பதில் ஐயமில்லை. பயிற்சி செய்பவருக்கான 1.2 கிராம் கணக்குப்படி பார்த்தாலும் 60 கிராம், ஒரு கிராம்தான் குறை.

மீனும் முட்டையும் இல்லாத வீடு? 59இலிருந்து 16ஐக் கழித்தால் 43. அந்த இடத்தில் 20 கிராம் சோயாமீற் போட்டுக் கறி வைத்தால் அதில் ஏறத்தாழ 10 கிராம் வரும். மொத்தம் 53. இந்தக் கணக்கை நான் வலிந்து எழுதவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி நம் நாட்டின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. ஓராண்டுக்கு முன் இருந்த உணவு விலை ஏறத்தாழ இரட்டிப்பானது. அந்தக் காலத்தில் பல வீடுகளில் முதலில் நின்றது மீனும் முட்டையும் பால்மாவும்தான். அப்போதும் பிள்ளைகளின் தசையைக் காக்கக்கூடியவை பருப்பும் கடலையும் பயறும் கௌபியுமே.

சோறும் பருப்பும் சேர்ந்தால்

முன்னர் சொன்ன மாலைக்கு வருவோம். சிவப்பு மணி தீர்ந்துவிட்டால் மற்ற நிற மணிகள் எவ்வளவு இருந்தாலும் மாலையைக் கோத்து முடிக்க முடியாது. அரிசி, கோதுமை போன்ற தானியங்களின் புரதத்தில் லைசின் என்னும் அத்தியாவசிய அமினோ அமிலம் குறைவு. பருப்பு, பயறு, கடலை, உழுந்து ஆகியவற்றில் லைசின் தாராளம். ஆனால் மெதியோனின் குறைவு. அது தானியத்தில் இருக்கிறது. ஒன்றின் குறையை மற்றது தீர்க்கிறது. இதனைப் புரதங்களின் குறைநிரப்பல் என்று எழுதலாம்.

நமது முன்னோர் அமினோ அமிலம் படிக்கவில்லை. ஆனால் அரிசியும் உழுந்தும் அரைத்துத் தோசை சுட்டார்கள், பொங்கலில் பயறு போட்டார்கள், புட்டுக்குப் பருப்பு வைத்தார்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மச்சம் தொடாத வீடுகளில் எவருக்கும் தசை கரைந்துவிடவில்லை. பருப்பும் சோறும் ஒரே கோப்பையில் இருந்தே ஆக வேண்டும் என்பதுமில்லை. ஒரு நாளுக்குள் இரண்டும் சேர்ந்தால் போதும்.

முட்டை, மீன், பால், இறைச்சி ஆகியவற்றில் அத்தியாவசிய அமினோ அமிலங்கள் ஒன்பதும் போதிய விகிதத்தில் இருக்கின்றன. சோயா அவரையும் இவற்றுக்குக் கிட்ட நிற்கிறது. மலிவான நெத்தலிக்கும் சூடைக்கும் இருக்கும் புரதத் தரம் பெரிய மீனுக்கு இருப்பதற்குக் குறைந்ததல்ல. முள்ளோடு சேர்த்து உண்பதால் கல்சியமும் கிடைக்கிறது.

பச்சை முட்டை குடித்தால் பலம் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. அவித்த முட்டையின் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்களவு சமிபாடடைந்து உள்ளே செல்கிறது. பச்சை முட்டையில் ஏறத்தாழப் பாதிதான். மிகுதி வீண். போதாததற்கு சல்மொனெல்லா பற்றீரியாவின் ஆபத்தும் உண்டு. மைதானத்தில் யாராவது பச்சை முட்டையை நீட்டினால் வீட்டுக்குக் கொண்டுபோய் அவித்துச் சாப்பிடுங்கள்.

இனி அந்த ரின் மா

கடையில் விற்கும் புரோட்டீன் பவுடரில் பெரும்பாலானவை பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் நீரை உலர்த்திப் பெற்றவை. அதில் மந்திரம் ஏதுமில்லை, அது பாற்புரதமே. ஒரு கரண்டியில், அதாவது 30 கிராம் மாவில், பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் வரை புரதம் இருக்கும். நாலு முட்டைக்கோ 100 கிராம் கடலைக்கோ சமம். சாப்பாட்டிலேயே 55, 60 கிராம் பெறும் மாணவருக்கு மேலதிகமாக வரும் அந்த 25 கிராமில் பெரும்பகுதி என்ன ஆகும் என்பதை மேலே படித்தீர்கள். யூரியா ஆகும்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் புரதத்தின் அளவை வைத்தியரைக் கேட்டே தீர்மானிக்க வேண்டும். நோய் இருப்பது தெரியாமலே நடமாடுபவர்களும் உண்டு. வட மத்திய மாகாணத்திலும் அதனை அண்டிய பகுதிகளிலும் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவியிருப்பதை நீங்கள் அறிவீர்கள். குடும்பத்தில் யாருக்கேனும் அந்நோய் இருந்தால் ரின் வாங்க முன் பரிசோதித்துக்கொள்வது புத்தி.

போட்டியாளர்களுக்கு இன்னொரு பயம். சில மாக்களில் சுட்டியில் எழுதப்படாத தடைசெய்யப்பட்ட பதார்த்தங்கள் கலந்திருக்கலாம். ஊக்கமருந்துப் பரிசோதனையில் அகப்பட்டால் "எனக்குத் தெரியாது" என்பது விடையாகாது. உடலில் இருந்ததற்குப் பொறுப்பாளி வீரரே. நம் நாட்டிலும் 2013இல் இதற்கெனச் சட்டம் நிறைவேற்றப்பட்டது.

மாதிரி வினாக்களும் விடைகளும்

1. அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள அத்தியாவசிய அமினோ அமிலம் எது?
(1) லைசின் (2) மெதியோனின் (3) பெப்சின் (4) மயோசின்
விடை (1). பெப்சின் நொதியம், மயோசின் தசைப் புரதம். பெயர்கள் எல்லாம் 'இன்' என்று முடிவதால் மயங்க வேண்டாம்.

2. பாரப் பயிற்சியால் தசை பருமனடைவதற்குப் பிரதான காரணம் யாது?
(1) தசைநார்களின் எண்ணிக்கை இரட்டிப்பாதல் (2) தசைநார்கள் தடித்தல் (3) தசையில் கொழுப்புப் படிதல் (4) எலும்பு விரிவடைதல்
விடை (2).

3. "மாப்பொருள் போதாத உணவில் புரதம் எவ்வளவு இருந்தாலும் தசை வளர்ச்சி பாதிக்கப்படும்." காரணம் தருக.
விடை: உடலின் முதல் தேவை சக்தி. மாப்பொருளும் கொழுப்பும் போதாதபோது அமினோ அமிலங்களிலிருந்து நைதரசன் நீக்கப்பட்டு எஞ்சியது சக்திக்காக எரிக்கப்படுகிறது. நைதரசன் யூரியாவாக வெளியேறுகிறது. இதனால் புதிய தசைப் புரதம் ஆக்குவதற்கு அமினோ அமிலங்கள் போதாமற் போகின்றன. (சக்தி, நைதரசன் நீக்கம், ஆக்கத்துக்குப் போதாமை ஆகிய மூன்று கருத்துகளும் வர வேண்டும். "சக்தி குறையும்" என்று மட்டும் எழுதினால் முழுப்புள்ளி எதிர்பார்க்க வேண்டாம்.)

4. வலைப்பந்தாட்டம் பயிலும் 48 கிலோகிராம் நிறையுள்ள மாணவி ஒருத்தியின் வீட்டில் மீன் துண்டுகள் முதலில் தந்தைக்கும் அண்ணன்மாருக்கும் பரிமாறப்படுகின்றன. அவளுக்கு அநேகமாகக் குழம்பு மட்டுமே கிடைக்கிறது.
(அ) கிலோகிராமுக்கு 1.2 கிராம் வீதம் அவளது நாளாந்தப் புரதத் தேவையைக் கணிக்க.
(ஆ) பெண் பிள்ளைக்குத் தசை வளர்ச்சி தேவையில்லை என்ற கருத்தை மறுத்து இரு காரணங்கள் தருக.
(இ) செலவு கூடாத வகையில் அவளது உணவை மேம்படுத்த ஆலோசனை கூறுக.

விடை: (அ) 48 × 1.2 = 57.6 கிராம்.
(ஆ) பாய்தல், நிறுத்தல், திரும்புதல் ஆகியவற்றின்போது முழங்கால், கணுக்கால் மூட்டுகளைத் தாங்கிப் பிடிப்பது சுற்றியுள்ள தசைகளே. தசை பலவீனமானால் உபாதை கூடும். அத்துடன் ஈமோகுளோபின், பிறபொருளெதிரி ஆகியவற்றை ஆக்கவும் புரதம் வேண்டும். மாதவிடாயினால் குருதி இழக்கும் வயதில் இத்தேவை மேலும் முக்கியமானது.
(இ) காலைப் பாணுக்கோ இடியப்பத்துக்கோ சம்பலோடு பருப்புக் கறியும் சேர்த்தல். பயிற்சிக்குப் பின் அவித்த கடலை, கௌபி, பயறு அல்லது ஒரு பிடி கச்சான் உண்ணல். பெரிய மீன் வாங்கும் பணத்தில் நெத்தலி அல்லது சூடை வாங்கினால் எண்ணிக்கையில் எல்லோருக்கும் கிடைக்கும். பெரிய மீனையே வாங்குவதாயின் வீட்டில் எத்தனை பேரோ அத்தனை துண்டாக வெட்டிச் சமைத்தல்.